டபிள்யூஆர்எக்ஸ் காரில் ஆயில் கேட்ச் கேன்: ஆலோசனை தேவை

வணக்கம். என்னிடமுள்ள 2015 சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் காருக்கு ஆயில் கேட்ச் கேன் (எஞ்சினிலிருந்து வரும் ஆவியிலுள்ள எண்ணெயைப் பிடித்துவைக்கும் டப்பா) பொருத்த விரும்புகிறேன். பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் எஞ்சின் என்பதால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. எஞ்சினின் அடிப்பகுதி அறையான கிராங்க்கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அவற்றின் மேல் கரியாகப் படிகிறது. உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லாத வெற்று டப்பாவால் பெரிய பயனில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி குழாய்க்கும், டர்போவின் காற்று நுழைவாயான டர்போ இன்லெட்டுக்குச் செல்லும் பிரீதர் (ஆவி வெளியேறும்) குழாய்க்கும் தனித்தனிக் கேன்கள் வேண்டுமா, ஒன்றே போதுமா? டொராண்டோ குளிரில், கேனில் தேங்கும், எண்ணெயும் நீரும் சேர்ந்த பால் நிறக் கலவை உறைந்து வழியை அடைத்தால், கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி ஆயில் சீல்களையே வெளியே தள்ளிவிடும் என்பதே என் பெருங்கவலை. நீங்கள் எந்த இடத்தில் பொருத்தினீர்கள், குளிர்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வடிக்கிறீர்கள் என்பதை, இயன்றால் படத்துடன், தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.