டேங்க் ஆடப் பழகுகிறேன், கவசத் திறமை எல்லாம் போட்டும் விழுந்துவிடுகிறேன்: எங்கே தவறு?

அரியூர்_பாலடின்:

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் பக்கத்தில் அரியூரிலிருந்து எழுதுகிறேன். ஃபைனல் ஃபேண்டஸி 14 விளையாட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. இலவச ட்ரயல் கணக்குதான். முதலில் வில் எடுத்து ஆர்ச்சராக ஆடினேன். டஞ்சனுக்குள் (நாலு பேர் குழுவாகப் போய் எதிரிகளோடு மோதுகிற இடம்) போக ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. டேங்க் (முன்னால் நின்று எதிரிகளின் அடியைத் தாங்குகிறவர்) என்றால் உடனே உள்ளே விடுவார்கள் என்று கேள்விப்பட்டு, கிளாடியேட்டர் என்ற டேங்க் வகைக்கு மாறினேன். 30-ஆம் லெவலில் அதன் அடுத்த கட்டமான பாலடின் ஆனேன், இப்போது 41.

வரிசைப் பிரச்சினை தீர்ந்தது, வேறு பிரச்சினை வந்தது. நேற்று ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்டோன் விஜில் என்ற டஞ்சனுக்குப் போனோம். முதல் எதிரிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடி, இரண்டாவது கூட்டத்தையும் சேர்த்தேன். நின்றதுதான் தாமதம், உயிர் மளமளவென்று இறங்கியது. அடியைக் குறைக்கிற ராம்பார்ட், சென்டினல், ரிப்ரைசல் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் நன்றாகத் தாங்கியது. பாதிக் கூட்டம் உயிரோடு இருக்கும்போதே விழுந்துவிட்டேன். என்னைத் தொடர்ந்து ஹீலர் (எங்கள் உயிரை ஏற்றுகிறவர்) விழுந்தார், பிறகு மற்ற இரண்டு பேர். திரும்ப எழுந்து போனோம், அதே கதை. "டேங்க், மிட்டிகேஷன் (அடியைக் குறைக்கிற திறமை) போடவே மாட்டீர்களா?" என்று சாட்டில் எழுதிவிட்டு ஹீலர் வெளியேறிவிட்டார். போட்டேனே! மூன்றையும் போட்டேனே!

இன்னும் இரண்டு சந்தேகம். சில சமயம் கூட்டத்தில் ஒன்றிரண்டு என்னை விட்டுவிட்டு ஹீலரைத் துரத்துகின்றன, ஏன்? அப்புறம், பாஸ் (டஞ்சனின் பெரிய எதிரி) பெரிய அடி அடிக்கும்போது நான் சரியான நேரத்தில் பட்டனை அழுத்தினாலும் பலன் இல்லாமல் போகிறது. ஐரோப்பிய டேட்டா சென்டரில் ஆடுகிறேன், பிங் (சர்வருக்குச் செய்தி போய்வருகிற நேரம்) 170 மில்லி விநாடிக்குக் கீழே வருவதே இல்லை. அதுதான் காரணமா?

எனக்கு இந்த ரோல் பிடித்திருக்கிறது. முன்னால் நின்று மூன்று பேரைக் காப்பாற்றுகிற உணர்வு வில்லில் கிடைக்கவில்லை. நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்காட்டு_அம்பு:

முதலில் ஒன்று கேட்கிறேன் ப்ரோ, உங்கள் வாளும் கவசமும் எந்த லெவல்? நிறைய பேர் 30-இல் பாலடின் ஆனதும் கிடைத்த சட்டையை 40 வரை கழற்றுவதே இல்லை. டேங்குக்கு அது அப்படியே உயிரில் தெரியும். ட்ரயல் கணக்கில் மார்க்கெட் போர்டு (ஆட்டக்காரர்கள் விற்கிற சந்தை) திறக்காது, அதனால் ஊர்களில் நிற்கிற கடைக்காரரிடம் வாங்குங்கள். டஞ்சனில் விழுகிற கவசத்துக்கும் "நீட்" (எனக்கு வேண்டும்) அழுத்தத் தயங்காதீர்கள்.

ஏரிக்கரை:

தம்பி (தங்கச்சியாக இருந்தாலும் சரி), உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் வாரியராக ஆரம்பித்து, 2015-லிருந்து இந்த விளையாட்டில் டேங்க் மட்டுமே ஆடுகிறேன். "மூன்றையும் போட்டேனே" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ராம்பார்ட் 20 சதவீதம் குறைக்கும், 20 விநாடி நிற்கும். சென்டினல் 30 சதவீதம், 15 விநாடி. சேர்த்துப் போட்டால் 50 சதவீதம் குறையும் என்று தோன்றும், குறையாது. 1000 அடி வந்தால் ராம்பார்ட் அதை 800 ஆக்குகிறது. சென்டினல் அந்த 800-இல்தான் 30 சதவீதம் கழிக்கும். மிச்சம் 560. ஆக 44 சதவீதம்தான். அதில் போனதைவிட நேரத்தில் போனது அதிகம். ஒன்று முடிந்ததும் இன்னொன்று என்று போட்டிருந்தால் 35 விநாடி மூடியிருக்கலாம். சேர்த்துப் போட்டதால் இருபதாவது விநாடியில் வெறும் உடம்போடு நிற்கிறீர்கள். ராம்பார்ட் திரும்பி வர 90 விநாடி, சென்டினலுக்கு 120. ஹீலர் கோபப்பட்டது அந்த வெறும் உடம்பைப் பார்த்துத்தான். நீங்கள் முதலில் போட்டதை அவர் கவனித்திருக்கக்கூட மாட்டார்.

இதை நான் விளையாட்டில் கற்றுக்கொள்ளவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த வாரம் எங்கள் ஊர் ஏரியும் நிரம்பிக் கோடி போனது. ராத்திரி முழுக்கக் கரையில் காவல். பத்து மணி இருக்கும், ஆலமரத்துப் பக்கம் கரை ஓரமாக நீர் கசிய ஆரம்பித்தது. பசங்க நாங்கள் பதறிப்போய் இருந்த மணல் மூட்டையை எல்லாம் தூக்கி அங்கேயே அடுக்கினோம். பெரியப்பா டார்ச்சோடு வந்தார். "இருக்கிறதை எல்லாம் இங்கியே கொட்டிட்டா, விடியறதுக்குள்ள மதகுப் பக்கம் வாய் பிளந்தா எதடா வைப்பீங்க?" என்று சத்தம் போட்டார். பாதி மூட்டையைத் திரும்ப எடுத்து, ஈரத்தில் வழுக்கி வழுக்கி, கரை நெடுக நாலு இடத்தில் கொண்டுபோய் வைத்தோம். மூன்று மணிக்கு மதகுப் பக்கம் கசிந்தது. கை நீட்டுகிற தூரத்தில் மூட்டை இருந்தது.

ஒவ்வொரு கூட்டத்தையும் இழுப்பதற்கு முன் எனக்கு அந்தக் கரைதான் ஞாபகம் வரும். கையில் எத்தனை மூட்டை இருக்கிறது, எது முதலில், எது அடுத்து என்று ஓடும்போதே முடிவு செய்துவிடுவேன். உங்களிடம் நீங்கள் சொல்லாத ஒரு மூட்டையும் இருக்கிறது. 32-ஆம் லெவலில் ஆர்ம்ஸ் லென்த் கிடைத்திருக்கும். தள்ளிவிடுகிற அடிக்கு மட்டும்தான் அது என்று நினைத்து ஒதுக்கியிருப்பீர்கள். அதைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் நடுவில் நில்லுங்கள், உங்களை அடிக்கிற ஒவ்வொன்றும் 15 விநாடிக்கு 20 சதவீதம் மெதுவாகும். எட்டு டிராகன் சுற்றி நின்றால் அது பெரிய லாபம். ரிப்ரைசல் 10 சதவீதம்தான், அதை இரண்டு பெரிய மூட்டைக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் வையுங்கள். கேடயத்தால் அடியைத் தடுக்கிற ஷெல்ட்ரனை மறக்காதீர்கள். ஓத் கேஜ் என்ற அளவுப் பட்டை 50 ஆகும்போதெல்லாம் அழுத்துங்கள், அது தானாக நிரம்பும், சேர்த்துவைத்து ஒரு பயனும் இல்லை.

எதிரிகள் ஹீலரைத் துரத்துவது பற்றி. எதிரிகளின் கோபத்தை உங்கள் மேல் திருப்புகிற அயர்ன் வில் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஜாப் மாற்றினால் அது அணைந்துவிடும். எரிந்தாலும், நீங்கள் தொடாத எதிரி உங்களை மதிக்காது. ஹீலர் உங்களுக்கு ஒரு ரீஜென் (கொஞ்சம் கொஞ்சமாக உயிர் ஏற்றுகிற மந்திரம்) போட்டாலே, சண்டைக்குள் வந்துவிட்ட எல்லா எதிரிக்கும் அவர் மேல் கோபம் ஏறும். இரண்டாவது கூட்டத்தை இழுக்கும்போது தூரத்தில் ஒன்றின் மேல் ஷீல்டு லாப் (கேடய வீச்சு) எறிந்துவிட்டு ஓடியிருப்பீர்கள். ஓடுகிற வழியில் கூட்டத்தின் நடுவில், சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் அடிக்கிற டோட்டல் எக்லிப்ஸ் ஒரு தடவை, கடைசியில் நின்றதும் இரண்டு தடவை அடியுங்கள். திரையில் எதிரிப் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குறி. சிவப்புச் சதுரம் என்றால் அது உங்களுடையது. மஞ்சளோ பச்சையோ தெரிந்தால் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கண் பாதி நேரம் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். ஒன்று தப்பிவிட்டால் புரொவோக் (எதிரியை உங்கள் பக்கம் திருப்புகிற திறமை) போடுங்கள், போட்டுவிட்டு உடனே அதை அடிக்கவும் வேண்டும். வெறும் புரொவோக் ரொம்ப நேரம் நிற்காது.

பிங் பாதிக் காரணம்தான். பாஸ் ஓங்கி அடிக்கிற காட்சியைப் பார்த்து அழுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த விளையாட்டில் அடி முடிவாவது அந்தக் காட்சியில் இல்லை, பாஸின் காஸ்ட் பட்டை (அது அடிக்கத் தயாராவதைக் காட்டுகிற பட்டை) நிரம்புகிற நொடியில். கை இறங்குவது அதற்கு அப்புறம் காட்டுகிற படம், அவ்வளவுதான். பட்டை முக்கால்வாசி ஆனதுமே அழுத்திவிடுங்கள், 170 பிங்கிலும் வேலை செய்யும். நானும் அதே தூரத்து சர்வரில்தான் இத்தனை வருஷம் ஆடுகிறேன்.

கடைசியாக, பாஸை எங்கே திருப்பி நிறுத்துகிறீர்கள்? ஸ்டோன் விஜில் டிராகன்கள் நேர் முன்னால் ஊதும். சண்டை தொடங்கியதும் பாஸைத் தாண்டி ஓடி, அந்தப் பக்கச் சுவரை ஒட்டி நில்லுங்கள். அது உங்களைப் பார்த்துத் திரும்பும், மூன்று பேரும் அதன் முதுகுப் பக்கம் நிம்மதியாக அடிப்பார்கள். அப்புறம் அசையாதீர்கள். டேங்க் நகர்ந்தால் பாஸ் சுற்றும், பாஸ் சுற்றினால் எல்லோரும் ஓட வேண்டும்.

குடியாத்தம்_வெள்ளை:

வொயிட் மேஜ் ஆடுகிறேன், ஹீலர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஏரிக்கரை அண்ணா சொன்னதில் ஒரு திருத்தம். வரிசையாகப் போடுங்கள், ஆனால் பெரியதை முதலில் போடுங்கள். கூட்டம் முழுசாக உயிரோடு இருக்கிற முதல் 15 விநாடியில்தான் அடி மிக அதிகம். நாலு செத்ததும் பாதியாகிவிடும். சென்டினல் முதலில், ராம்பார்ட் அடுத்து. நான் மூச்சுவிடவே முடியாத நேரம் அந்த ஆரம்பம்தான்.

ஓடும்போது என்னைத் திரும்பிப் பாருங்கள். மூலை திரும்பி மறைந்துவிட்டால் என் வைத்தியம் உங்களை எட்டாது, நடுவில் சுவர் இருந்தால் மந்திரம் போகாது. என் மேனா (மந்திரம் போடுகிற சக்தி) காலியாக இருந்தால் ஐந்து விநாடி நில்லுங்கள். நீங்கள் விழுந்து எழுந்து வருவதற்கு ஆகிற நேரத்தை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை.

45-க்கு மேல் போனால் இன்னொன்றும் மாறும். அந்த லெவலில் எங்களுக்கு ஹோலி என்ற மந்திரம் வருகிறது. அடித்தால் சுற்றியிருக்கிற கூட்டம் முழுக்க ஸ்தம்பித்து நிற்கும். இரண்டு மூன்று தடவை அடித்ததும் அவற்றுக்குப் பழகிவிடும், அப்புறம் நிற்காது. வொயிட் மேஜ் கூட வந்தால், ஹோலி ஓய்கிற வரை உங்கள் பெரிய திறமையைக் கையிலேயே வைத்திருங்கள். எதிரி அடிக்காமல் நிற்கிற நேரத்தில் கவசம் போடுவது வீண்.

உள்ளே போனதும் "டேங்க் புதுசு" என்று சாட்டில் ஒரு வரி போடுங்கள். பாதியில் போனவர் அப்படிப் போயிருக்கக் கூடாது. என் அனுபவத்தில் அந்த ஒரு வரியைப் பார்த்தபிறகு பத்தில் ஒன்பது பேர் பொறுமையாக ஆடுகிறார்கள்.

ஏரிக்கரை:

வெள்ளை சொல்வதுதான் சரி. சென்டினல் முதலில். நான் நீண்ட நாளாகக் கை பழகிய வரிசையைச் சொல்லிவிட்டேன்.

காட்பாடி_ஜங்ஷன்:

நான் ஓவர்வாட்ச் என்ற அணிச் சண்டை விளையாட்டின் பக்கம். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வந்தபோது அணிக்கு ஐந்து பேர், அதில் ஒரே டேங்க் என்று மாற்றினார்கள். அதற்கு முன் ஆறு பேரில் இரண்டு டேங்க் நின்றோம், ஒருவர் தவறினால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். அங்கே எதிரிக்குக் கோபம் ஏற்றுகிற திறமை எல்லாம் கிடையாது, எதிரே இருப்பதும் மனிதர்கள். யாரை அடிப்பது என்று அவர்களே முடிவு செய்வார்கள். அதனால் சுவர் மூலைதான் டேங்கின் பாதி உயிர். ரைன்ஹார்ட் என்ற டேங்க் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றால் கேடயம் உடைந்த மறு நொடி விழுவார். மூலையை ஒட்டி நின்று, தேவையான நேரத்தில் மட்டும் தூக்கி, உடைவதற்குள் பின்வாங்க வேண்டும். மூட்டைக் கணக்கு அங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

அரியூர்_பாலடின்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதே வேலையாக இருந்தேன்.

ஆற்காட்டு அம்பு கேட்டது சரியான இடத்தில் பட்டது. மார்புக் கவசம் 30, கேடயம் 32! கடையில் மாற்றிவிட்டேன். பிறகு டியூட்டி சப்போர்ட்டில் கணினித் துணைகளோடு ஸ்டோன் விஜில் இரண்டு தடவை போனேன். அவர்கள் கோபப்பட மாட்டார்கள், அதனால் வரிசையை மட்டும் பழகினேன். பட்டன்களை இடமிருந்து வலமாக, போட வேண்டிய வரிசையிலேயே மாற்றி வைத்துக்கொண்டேன்: சென்டினல், ராம்பார்ட், ரிப்ரைசல், ஆர்ம்ஸ் லென்த்.

ராத்திரி பதினொரு மணிக்கு நிஜ ஆட்களோடு போனேன். "டேங்க் புதுசு" என்று எழுதினேன். ஹீலர் ஒரு பூ எமோட் (சைகை) போட்டார். இரண்டு கூட்டத்தையும் சேர்த்து இழுத்தேன். நின்றதும் சென்டினல். அது தீரும்போது உயிர் எண்பது சதவீதத்தில் இருந்தது, நம்பவே முடியவில்லை. ராம்பார்ட் ஓடும்போதே பாதிக் கூட்டம் விழுந்துவிட்டது. எதிரிப் பட்டியலில் ஒரே ஒரு மஞ்சள் தெரிந்தது, புரொவோக் போட்டு அடித்து இழுத்துக்கொண்டேன். கடைசி பாஸில் மட்டும் தடுமாறினேன். ஊதுகிற மூச்சுக்கு பயந்து நகர்ந்தேன், பாஸ் சுற்றி இரண்டு பேருக்கு அடி. விழவில்லை. முடிந்ததும் இரண்டு கமெண்டேஷன் (கூட ஆடியவர்கள் தருகிற பாராட்டு) வந்தது. இதுவரை எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

அடுத்து 47-இல் ஆரம் வேல் என்று ஒரு டஞ்சன் வருகிறது, அது டேங்குகளுக்குக் கஷ்டம் என்கிறார்கள். உண்மையா?

ஏரிக்கரை:

உண்மைதான். முதல் அறையிலேயே கூட்டம் கூட்டமாக நெருக்கி நிற்கும். இங்கே மட்டும் சேர்த்து இழுக்காதீர்கள். ஒரு கூட்டத்தை அடித்துக் கூப்பிட்டு, வந்த வழிக்கே பின்னால் கொண்டுவந்து முடியுங்கள். அப்புறம்தான் அடுத்தது. நடுவில் ஓடினால் அறையே உங்கள் பின்னால் வரும். முதல் பாஸ் அறையில் உங்கள் மேல் ஒரு நோய்க் குறி ஏறிக்கொண்டே போகும், ஓரத்தில் இருக்கிற மோர்போல் (Morbol) பழத்தைத் தொட்டால் இறங்கும். குறி ஏறிய பிறகு தொடுங்கள், ஏறுவதற்கு முன் தொட்டால் பழம் வீண்.

47 ஆனதும் இங்கே எழுதுங்கள். ட்ரயல் கணக்கில் குழு அமைக்க முடியாது, ஆனால் அழைத்தால் சேரலாம். ஐரோப்பாவில் எந்த டேட்டா சென்டர் என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஒரு டிபிஎஸ் (எதிரியை அடிக்கிற ரோல்) எடுத்துக்கொண்டு வந்து அழைக்கிறேன். டேங்க் நீங்களேதான். வெள்ளை, நீங்களும் வருகிறீர்களா?

குடியாத்தம்_வெள்ளை:

ஏழு மணிக்கு மேல் என்றால் வருகிறேன் அண்ணா.