ஃபிடில் யார்டுக்குத் தமிழில் என்ன? (பிடில் வாசிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

சுவர்த் தட்டின் மேல் கட்டும் மாதிரி ரயில், அதாவது ஷெல்ஃப் லேஅவுட், அதற்குத் ‘தட்டு ரயில்’ என்று போன மாதம் ஒருவழியாக முடித்தோம். ‘பரண் ரயில்’ சொன்னவருக்கு இன்னும் வருத்தம் இருப்பது தெரிகிறது. பரண் என்றால் ஏணி போட்டு ஏற வேண்டும் ஐயா. இது சுவரில் அடித்த எல் ஆங்கிள் மேல், நெஞ்சு உயரத்தில் நிற்பது.

இப்போது அடுத்த சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஃபிடில் யார்டு.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக என் தட்டைப் பற்றிக் கொஞ்சம். நீளம் 1500 மி.மீ., அகலம் 300 மி.மீ. பிரிட்டனின் ஓஓ அளவு, அதாவது 1:76. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ. கணக்குப்படி 18.83 இருக்க வேண்டும். அது அவர்கள் எப்போதோ செய்துகொண்ட சமரசம், அந்தச் சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். தடம் ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக்’. இரண்டே பாயிண்டு (தடம் பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைத்தடம்). ஒன்றில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மூன்று மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் முட்டுத்தடத்தில் எஞ்சினோடு 3 வேகனுக்குத்தான் இடம். மொத்தம் 8 வேகன். சீட்டுக் குலுக்கி 5 எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே நீள சைடிங்கில் வண்டியைக் கோர்க்க வேண்டும். 8×7×6×5×4, ஆக 6720 வரிசை வரும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒன்று ஆடினாலும் பதினெட்டு வருஷம் ஓடும்.

கோர்த்த வண்டி அதற்குப் பிறகு எங்கே போகும்? அசல் இங்கிள்நுக்கில் எங்கேயும் போகாது, கலைத்துவிட்டு மறுபடி ஆடுவதுதான். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. தட்டில் இருப்பது ஒரு சின்ன ஊரின் கூட்ஸ் ஷெட் மட்டும். நிலக்கரிச் சுரங்கம், துறைமுகம், ஜங்ஷன் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். அதனால் வலது ஓரத்தில் ஒரு சாலைப் பாலம் கட்டி, அதன் அடியில் துளை விட்டு, பின்னால் 600 மி.மீ. பலகை சேர்த்தேன். வண்டி பாலத்துக்குள் நுழைந்து அங்கே நிற்கும். நான் கையால் வேகனை மாற்றி, எஞ்சினைத் திருப்பி வைத்துத் திரும்ப அனுப்புவேன். பிரிட்டன்காரர்கள் இந்தப் பலகையைத்தான் ஃபிடில் யார்டு என்கிறார்கள்.

‘மறைமுற்றம்’ எப்படி இருக்கும்?

அன்புடன்,
தட்டு ரயில்காரன், கோவை

* * *

தம்பி,

முப்பது வருஷத்துக்கு மேல் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், முற்றம் வேண்டாம். யார்டு என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முற்றம் என்று போட்டிருக்கும். அது நெல் காயப்போடும் இடம், கோலம் போடும் இடம். ரயில் யார்டில் ஒருவன் நின்றால் அவனைச் சுற்றி இருப்பது ஜல்லியும் கிரீசும். அங்கே ‘முற்றத்துக்கு வா’ என்று கூப்பிட்டால் வேலை நடக்குமா?

மறை என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் பக்கம் ரேக் (கோர்த்த பெட்டிகளின் வரிசை) சும்மா நிற்கிற தடத்தை ஸ்டேபிளிங் லைன் என்போம். வண்டி வரும், நிற்கும், நேரம் வந்தால் போகும். அதை யாரும் மறைத்து வைப்பதில்லை. நீ சொல்வது அதுதானா, வேறா?

இன்னொன்று. உன் 1:76 கணக்கில் நம் பிராட்கேஜ் 1676 மி.மீ. போட்டால் 22 மி.மீ. வருகிறது. உன் 16.5 மேல் நம் ஊர் வண்டியை ஏற்றி வைத்து என்னிடம் படம் காட்டாதே.

பொன்மலைக்காரன்

* * *

வணக்கம்.

ஃபிடிலை வயலினோடு முடிச்சுப் போட்டு ‘நரம்பிசை முற்றம்’ என்று வேறொரு குழுமத்தில் யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். இந்த ஃபிடில் நம் வீட்டில் சொல்லும் ‘நோண்டுறது’. ‘அந்த ரேடியோவை நோண்டாதே’ என்போமே, அதே நோண்டல். ஆகவே சொல்லுக்குள் கை இருக்க வேண்டும். மறைவு இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னால் பின்கட்டு. வந்தவர்கள் முகப்பில் உட்காருவார்கள். அரைப்பது, ஆட்டுவது, பந்திக்கு இலை நறுக்குவது எல்லாம் பின்கட்டில். முகப்பில் எது வந்து நின்றாலும் அது பின்கட்டில் யாரோ கைவைத்து அனுப்பியதுதான்.

‘பின்கட்டு’ என்று சொன்னால் என்ன? மாட்டைப் பூட்டுவதைக்கூட வண்டி கட்டுவது என்றுதானே சொல்கிறோம். ரயில் வண்டியையும் அங்கே கட்டலாம்.

காரைக்குடியிலிருந்து,
வளவுக்காரி

* * *

பின்கட்டு எண்டால் எங்களுக்கு விளங்கும், ஆனால் வாயில வராது. யாழ்ப்பாணத்தில வீட்டுக்குப் பின்பக்கத்தைக் கோடி எண்டுதான் சொல்லுவம். வளவு எண்டால் எங்களுக்கு வேலி அடைச்ச முழுக் காணி, உங்கட ஊரில வீட்டுக்குள்ள இருக்கிற இடம். ஒரே சொல், ரெண்டு இடம். அதாலதான் வீட்டுச் சொல் எடுக்கிறதெண்டால் கொஞ்சம் யோசியுங்கோ எண்டு சொல்லுறன். எதிர்ப்பு இல்லை. கோடி எண்டு வைச்சால் நீங்கள் நூறு லட்சம் எண்டு நினைப்பியள், அதுவும் தெரியும்.

வடமராட்சியான்

* * *

அன்புள்ள ஐயாவுக்கும், அக்காவுக்கும், வடமராட்சி நண்பருக்கும்,

‘மறைமுற்றம்’ சொன்னவன் நான்தான், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஐயாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கர்களிடம் ஸ்டேஜிங் என்று ஒன்று உண்டு. அவர்களுக்கு வீட்டுக்கு அடியில் நிலவறை. ஒரு அறை முழுக்க லேஅவுட். அதன் கீழ் அடுக்கில் பத்துப் பன்னிரண்டு தடம். முழுசாகக் கோர்த்த வண்டிகள் அவற்றில் காத்து நிற்கும். கால அட்டவணைப்படி ஒன்று மேலே வரும், ஓடி முடித்ததும் கீழே போய்விடும். ஆட்டம் நடக்கும்போது யாரும் அதில் கைவைப்பதில்லை. ஐயா சொன்ன ஸ்டேபிளிங் லைனின் தம்பி அது. ஸ்டேபிள் என்றால் குதிரை லாயம்தானே, ஸ்டேஜிங்குக்கு ‘லாயத்தடம்’ என்று வைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பிரிட்டனில் கதை வேறு. இடமே கிடையாது, ஒரு படுக்கையறைச் சுவர்தான். ரயில்வே மாடலர் இதழை நெடுங்காலம் நடத்திய சிரில் ஃப்ரீசர் 1957-இல் ‘மைனரீஸ்’ என்று ஒரு தடவரைபடம் போட்டார், நகரத்து முனைய நிலையத்தைச் சின்னஞ்சிறு இடத்தில் அடக்கும் வித்தை. நிலையம் ஒரு பக்கம், ஃபிடில் யார்டு மறுபக்கம். இன்றும் ஆட்கள் அதை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தி வைக்க இடமில்லாத குறையைக் கை ஈடுகட்டுகிறது. பத்து வண்டிக்குத் தடம் கிடையாது, இரண்டு வண்டிக்கு உண்டு. மிச்சத்தை நாமே எடுத்து வைத்து மாற்றுகிறோம். ஆகவே இரண்டு பொருளுக்கு ஒரே சொல் போட்டால் நாளைக்குக் குழப்பம் வரும்.

மறைவு அவசியமில்லை என்று அக்கா சொன்னதற்கு என்னிடம் சாட்சியே இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் வந்தார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து செய்த ஓட்டுக்கூரை, தேங்காய் நாரைச் சாயம் போட்டு நட்ட புல், மழைக்கறை படிந்த சுவர், எதையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பார்க்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓடிப் போய், நான் வேகனை மாற்றுவதைப் பார்க்கக் கும்பலாக நின்றுகொண்டார்கள். ஒருவன் ‘நான் மாத்தறேன் மாமா’ என்று எஞ்சினைத் தூக்கினான். அடுத்த நொடி அது தரையில். இணைப்புக் கொக்கி வளைந்தது, முனையில் இடியைத் தாங்கும் பஃபர் ஒன்று போயே போய்விட்டது. அதைக் கட்டிலுக்கு அடியில் தேடியதில் போன வருஷம் தொலைந்த இன்னொரு பஃபர் கிடைத்தது.

அதற்குப் பிறகு வண்டியைத் தொடாமல் மாற்றும் வழிக்கு வந்துவிட்டேன். 600 மி.மீ. நீளத்தில் ஒட்டுப்பலகைக் கீற்று. அதன் மேல் இரண்டு அலுமினிய எல் கோணம், உட்பக்கத்துக்கு உட்பக்கம் 16.5 மி.மீ. விட்டு ஒட்டியது. கோணமே தண்டவாளம், கோணமே மின்கம்பி. பலகையின் முனையில் கிளிப் போட்டதும் மின்சாரம் வந்துவிடும். என் வேகன் கொக்கியோடு 88 மி.மீ., ஐந்துக்கு 440. எஞ்சின் 100. மொத்தம் 540, மிச்சம் 60 விரல் வைக்க. வண்டி கீற்றுக்குள் ஏறியதும் கீற்றையே தூக்கி, தலைமாற்றி வைத்தால் எஞ்சின் முன்னுக்கு வந்துவிடும். பக்கத்து ராக்கையில் இன்னும் மூன்று கீற்று, மூன்று வண்டி. பிரிட்டன்காரர்கள் இதைக் கேசட் என்கிறார்கள். பாட்டுக் கேசட்டோடு குழம்பும் என்பதால் ‘தூக்குத்தட்டம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வெறும் தூக்கு என்றால் சிலருக்குத் தூக்குச்சட்டி நினைவுக்கு வரும், சிலருக்கு வேறு தூக்கு.

இப்போது ‘பின்கட்டு’. ஒரு வாரம் வாயில் போட்டுப் பார்த்தேன். ‘வண்டி பின்கட்டுக்குப் போயிடுச்சு.’ ‘பின்கட்டுல மூணு வண்டி நிக்குது.’ ‘பின்கட்டுப் பலகை கொஞ்சம் வளைஞ்சிருக்கு.’ எதுவும் இடறவில்லை. கூட்டுச்சொல்லும் எளிதாக வருகிறது: பின்கட்டின் தடங்களை ஒரு முனையில் ஆணி வைத்து மறுமுனையை விசிறிபோல் அசைத்தால் விசிறித்தட்டு, முழுப் பலகையும் மேசை இழுப்பறை மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தால் நகர்தட்டு. ‘நோண்டுமிடம்’ பொருளுக்கு இன்னும் நெருக்கம்தான். ஆனால் அதை எழுதினால் மருத்துவக் குறிப்புபோல் இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும். பின்கட்டு எப்போதும் பின்னால் இருப்பதில்லை. தட்டு ரயிலில் பெரும்பாலும் பக்கத்தில், சில சமயம் கதவைத் தாண்டி அடுத்த அறையில். என்னுடையது துணி அலமாரிக்குள் நுழைகிறது. மதராஸ் மெத்தை வீட்டில் இடமில்லாமல் சமையலறை பக்கவாட்டில் போனாலும் அதைப் பின்கட்டு என்றே சொன்னார்களா? அக்கா சொல்ல வேண்டும்.

வடமராட்சி நண்பருக்கு: உங்கள் ஆட்சேபம் நியாயம். கோடியைத் துணைச்சொல்லாகப் பதியலாம், ‘பின்கட்டு (ஈழம்: கோடி)’ என்று. பாதியை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் சரியானது என்று அறிவிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

தட்டு ரயில்காரன்

* * *

பக்கத்தில் போனாலும் பின்கட்டுதான் தம்பி. எங்கள் சென்னைக் குடியிருப்பில் துணி துவைக்கிற பால்கனி தெருவைப் பார்த்து இருக்கிறது. அம்மா அதையும் பின்கட்டு என்றுதான் சொல்கிறார்.

வளவுக்காரி

* * *

பின்கட்டு சரி. லாயத்தடமும் சரி.

ஆனால் முதல் மடலில் ‘முட்டுத்தடம்’ என்று எழுதினாயே, அதை விட்டுவிட்டோம். முட்டுத்தடம் என்றால் பஃபர் ஸ்டாப்பில் போய் முட்டுகிற எந்த லைனும்தான். உன் மூன்று சைடிங்கும் அப்படித்தானே? நீ சொல்வதை நாங்கள் ஷண்டிங் நெக் என்போம். எஞ்சின் மெயின் லைனைத் தொடாமல் அதில் போய்த் திரும்பி வரும். கழுத்து என்றே வை. உன் தட்டுக்குக் கழுத்து எஞ்சினும் மூன்று வேகனும் நீளம், நாலாவதை நுழைத்தால் பாயிண்டு திரும்பாது. எங்கள் ஷண்டிங் ஜமேதார் இருந்தால் அதற்கே உன்னை ஒரு வசை பாடியிருப்பார்.

பொன்மலைக்காரன்