கையுறை போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா?

மின்பொறியாளன்: 11 கேவி (பதினோராயிரம் வோல்ட்) மின்கம்பத்தில் ஷாக் அடித்து ஒரு மின்வாரிய ஊழியர் இறந்ததைப் பற்றி இன்னொரு குழுவில் பேச்சு வந்தது. நிர்வாகம்தான் கொன்றது என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. ரப்பர் கையுறை போட்டிருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார். கொடுத்ததைப் போடாமல் ஏறிவிட்டு யாரைக் குறை சொல்வது?

பழைய ஃபோர்மேன்: எந்தக் கையுறை தம்பி? ஆயிரம் வோல்ட்டுக்குச் செய்ததை மாட்டிக்கொண்டு பதினோராயிரத்தைத் தொட்டால் என்ன ஆகும்? எல்சி (லைன் நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்ற அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, லைன் செத்துவிட்டதா என்று சோதித்து, வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு (கம்பியை நிலத்தோடு இணைக்கும் கழி) மாட்டியிருந்தால் வெறுங்கையோடு வேலை பார்த்திருந்தாலும் இறங்கி வந்திருப்பார். எர்த் ராடு போட்டார்களா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

மின்பொறியாளன்: நான் யாருக்கும் தம்பி இல்லை. 17,000 வோல்ட் வரை பயன்படுத்தும் கையுறையும் இருக்கிறது. 20,000 வோல்ட்டில் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். இத்தனை வருடம் கம்பம் ஏறியவருக்கு இது தெரியாதா?

பழைய ஃபோர்மேன்: தெரியும். அது எந்த செக்‌ஷனில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஜோடி, அதுவும் பீரோவுக்குள். ரப்பரில் ஊசித் துளை விழுந்திருக்கிறதா என்று சுருட்டிக் காற்றடைத்துப் பார்க்க வேண்டும், அதைக்கூட யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்தத் தடித்த கையுறையோடு இன்சுலேட்டரில் பைண்டிங் கம்பி சுற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். என் கேள்விக்கு பதில் வரவில்லை. எர்த் ராடு போட்டார்களா?

கேங்மேன்: ஃபோர்மேன் ஐயா, உங்களைப் போன்றவர்கள்தானே "அஞ்சு நிமிஷ வேலை, ஏறு" என்று சொல்வது? எர்த் ராடு எடுத்து வருகிறேன் என்றால் "அதுக்குள்ள வேலையே முடிஞ்சிடும்" என்பீர்கள். கம்பம் ஏற வேண்டிய வயர்மேன் கீழே நிற்பார், உதவிக்கு வந்த கேங்மேன் மேலே இருப்பான். அடிபட்டால் கம்பம் ஏறுவது அவன் வேலையே இல்லை என்று எழுதிவிடுவீர்கள்.

பழைய ஃபோர்மேன்: என் கீழே இருந்த எவரையும் நான் அப்படி ஏற்றியதில்லை. உங்கள் செக்‌ஷன் கோபத்தை என் தலையில் போடாதீர்கள்.

மின்பொறியாளன்: பார்த்தீர்களா, அவசரம் ஊழியர்களிடம்தான் என்று இவரே சொல்லிவிட்டார். சரி, எல்சி வாங்கிய பீடர் (துணைமின் நிலையத்திலிருந்து வரும் லைன்) ஒன்று, ஏறிய கம்பத்தில் ஓடும் பீடர் இன்னொன்று என்றால்? உங்கள் எர்த் ராடு என்ன செய்யும்? கையுறைதான் காப்பாற்றும்.

பழைய ஃபோர்மேன்: அங்கேதான் எர்த் ராடு உயிரைக் காக்கிறது! உயிருள்ள கம்பியில் அதை மாட்டினால் துணைமின் நிலையத்தில் பிரேக்கர் டிரிப் ஆகி லைன் நின்றுவிடும். மாட்டுகிறவன் காப்பிட்ட கழியின் நீளத்துக்குத் தள்ளி நிற்கிறான். கை வைப்பதற்கு முன்பே தவறு தெரிந்துவிடும். இன்னொன்று, ஏ.பி. சுவிட்சில் மூன்று பேஸ் கம்பிக்கும் உள்ள மூன்று பிளேடும் திறந்ததா என்று எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள்? கைப்பிடி இறங்கியிருக்கும், ஒரு பிளேடு ஒட்டியபடியே நிற்கும். கீழே இருப்பவனுக்கு லைன் ஆஃப், மேலே இருப்பவனுக்கு ஒரு பேஸ் உயிரோடு.

டெல்டாக்காரன்: பொதுமக்களை விட்டுவிட்டீர்களே. 2018 நவம்பரில் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பம் போய், எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் ஜெனரேட்டர். வெளி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராக வீட்டு லைனில் கொடுத்தவர்களும் உண்டு. அது டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறினால் 11 கேவி பக்கம் மறுபடி ஆயிரக்கணக்கான வோல்ட் வரும்.

சோலார் வீடு: சும்மா பயமுறுத்தாதீர்கள். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் வெளி லைனைத் துண்டித்துவிடும்.

டெல்டாக்காரன்: நான் இன்வெர்ட்டர் என்றே எழுதவில்லை. ஜெனரேட்டர் என்று இருப்பதைப் படித்துவிட்டு வாருங்கள்.

சோலார் வீடு: சின்ன ஜெனரேட்டர் தெருவில் இருக்கிற வீடுகளின் லோடைத் தாங்காமல் உடனே நின்றுவிடும்.

பழைய ஃபோர்மேன்: எல்.டி. கம்பி (டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்குப் போகும் கம்பி) அறுந்து டிரான்ஸ்பார்மருக்கும் அந்த ஒரு வீட்டுக்கும் மட்டும் இணைப்பு மிச்சமிருந்தால் லோடு எங்கிருந்து வரும்? புயலுக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும். துணைமின் நிலையத்தில் பீடர் ஆஃப், ஆபரேட்டர் முறையாக எல்சி கொடுத்துவிட்டார், ஆனாலும் கம்பியில் உயிர் இருக்கும். இரண்டு பக்கமும் எர்த் ராடு என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

மின்பொறியாளன்: கத்துவதால் உண்மை மாறாது. விசாரணையில் முதலில் எழுதியிருப்பதே "கையுறை அணியவில்லை" என்பதுதான்.

கேங்மேன்: அறிக்கை எழுதிய எவரும் கம்பம் ஏறியதில்லை. ஏறியவனிடம் கேட்டதும் இல்லை.

மின்பொறியாளன்: இதற்குத்தான் படித்தவர்கள் இங்கே எழுத வருவதில்லை.

பழைய ஃபோர்மேன்: படித்தவரே, அதே அறிக்கையில் எர்த் ராடு பற்றி எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். கையுறையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

மின்பொறியாளன்: கையுறை போட்டிருந்தால் அந்தப் பக்கமே தேவைப்பட்டிருக்காது.