வாக்கியக் கணக்கு வந்தால் பென்சிலைக் கீழே வைக்கும் பிள்ளை

கயல்:
மூன்றாம் வகுப்பு. 43 − 18 கொடுத்தால் கடன் வாங்கிச் சரியாகக் கழிக்கிறாள். அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்கிறாள். 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று சொல்லிக்கொடுத்தும் தப்பாகிறது. என்ன செய்யலாம்?

மதி:
அந்தக் குறுக்குவழியை முதலில் நிறுத்துங்கள், தப்புக்கு வேர் அதுதான். "பேருந்திலிருந்து 8 பேர் இறங்கினார்கள். மீதி 15 பேர். முதலில் எத்தனை பேர்?" 'மீதி'யைக் கண்டதும் 15 − 8 = 7 என்று போட்டுவிடுவாள். விடை 23.

எண்களை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லுங்கள்: சிலர் இருந்தார்கள், சிலர் இறங்கினார்கள், சிலர் மீதி. "முதலில் கூட்டம் அதிகமா, இப்போது அதிகமா?" என்று கேளுங்கள். பதில் வந்தபிறகு எண்களைக் கொடுங்கள். அப்புறமும் 7 என்றால், 7 பேர் இருந்த பேருந்திலிருந்து 8 பேர் எப்படி இறங்கினார்கள் என்று கேட்டால் போதும்.

செல்வி டீச்சர்:
ஒப்பிடும் கணக்குக்குப் படம் வேண்டும். "கண்ணனிடம் 12 கோலி. அது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மாலாவிடம் எத்தனை?" 'அதிகம்' என்றதும் 17 வரும்.

இரண்டு பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரையச் சொல்லுங்கள். யாருடையது நீளம் என்பதை அவளே முடிவு செய்யட்டும். நீளப் பட்டை முழுவதற்கும் 12, நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுக்கு 5. இடது ஓரம் ஒரே நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசம் கண்ணில் படாது. அளவெடுத்து வரைய வேண்டாம், கணக்கு மறந்துபோகும்.

கயல்:
நன்றி டீச்சர். இன்னொன்று: "3ஐ 8இலிருந்து கழி" என்றால் 3 − 8 என்றே எழுதுகிறாள்.

எண்ணாளன்:
கண் எண்களை மட்டும் பொறுக்குகிறது, வேற்றுமை உருபைத் தாண்டிவிடுகிறது. "8இலிருந்து 3ஐக் கழி", "3ஐ 8இலிருந்து கழி" இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'இலிருந்து' ஒட்டிய எண்ணை வட்டமிடச் சொல்லுங்கள். வட்டமிட்டது முதலில் வரும்.

ஆனால் அதே நாளில் "12ஐ 3ஆல் வகு" எடுக்காதீர்கள். கழித்தலில் 'ஐ' ஒட்டிய எண் இரண்டாவதாகப் போகிறது, வகுத்தலில் முதலாவதாக வருகிறது. சேர்த்துச் சொன்னால் இரண்டும் குழம்பும்.

மதி:
நாளுக்கு இரண்டு கணக்கு போதும். ஒன்று அவளே கட்டியதாக இருக்கட்டும்: 14 − 6ஐக் கொடுத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். எப்போதும் 'சாப்பிட்டான், மீதி' என்றே கட்டினால், டீச்சர் சொன்ன பட்டைப் படத்தைக் காட்டி அதற்கு ஒரு கதை கேளுங்கள்.