பதினொன்றாம் வகுப்பில் பெயின்டிங் எடுக்கலாமா?

மடிப்பாக்கம் அப்பா:
பொண்ணு சிபிஎஸ்இ பத்தாவது முடிச்சிட்டா. கணக்கு, இயற்பியல், வேதியியல், இங்கிலீஷ் உறுதி. அஞ்சாவது பாடம் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு நான் நினைச்சிருந்தேன். அவ பெயின்டிங்தான் வேணும்ங்கறா. மூணு நாளா வீட்ல பேச்சே இல்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சர்வர்ரூம்:
கம்ப்யூட்டரே எடுங்க சார். இருபது வருஷமா சாஃப்ட்வேர்ல இருக்கேன். பைத்தான், எஸ்க்யூஎல் மாதிரி கம்ப்யூட்டர் மொழிகளைப் பள்ளியிலேயே பழகின பசங்க காலேஜ் முதல் வருஷத்துல திணறறதில்ல. படம் ஞாயித்துக்கிழமை வீட்லயே வரையலாமே. அதுக்காக ஒரு பாடத்தையே விடணுமா?

ஓவிய டீச்சர்:
தம்பி, வீட்ல வரையறது வேற, பாடமா படிக்கறது வேற. 100 மார்க்ல எழுத்துத் தேர்வு 30, செய்முறை 70. அந்த 30க்கு பாறை ஓவியம், அஜந்தா, சோழர் செப்புத் திருமேனின்னு தொடங்கி, பன்னிரண்டுல ராஜஸ்தானி, முகலாயம், வங்காளப் பாணி வரைக்கும் படிக்கணும். மெரினா உழைப்பாளர் சிலை இருக்கே, அதைச் செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி நம்ம சென்னை ஓவியக் கல்லூரியில முதல்வரா இருந்தவர். பஸ்ல தினமும் தாண்டிப் போற சிலைதான். அந்த நாலு பேர் பாறையைத் தள்ளும்போது பாரம் எந்தக் கால்ல இறங்குதுன்னு என் பிள்ளைங்க நின்னு பாத்துட்டு வந்து சொல்லுவாங்க.

செய்முறைக்கு ஸ்டூல் மேல வெள்ளை வேட்டியை மடிப்பு மடிப்பா விட்டு, பித்தளைச் சொம்பும் ரெண்டு கத்தரிக்காயும் வைப்பேன். முதல் மாசம் அத்தனை பேரும் சொம்போட வாயை முழு வட்டமா போட்டு, அடியை ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இழுப்பாங்க. உக்காந்த இடத்துலேர்ந்து பாத்தா வாய் நீள்வட்டமா, அடி வளைஞ்சுதான் தெரியும். மனசுக்குத் தெரிஞ்சதை வரையறாங்க, கண்ணுக்குத் தெரியறதை இல்ல. அது மாற நாலு மாசம் ஆகும். பக்கத்துல ஆள் இருந்து திருத்தாம அது வராது.

சர்வர்ரூம்:
நீங்க சொல்றது புரியுது மேடம். ஆனா ஒரு தாளுக்கு மூணு மணி நேரம் போச்சுன்னா கணக்கு எப்போ போடுவா? பொறியியல் கட்-ஆஃப்ல அரை மார்க்குக்கு எத்தனை பேர் நிக்கறாங்கன்னு பாத்திருக்கேன்.

கிண்டி மாணவன்:
அண்ணா, கட்-ஆஃப் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. அஞ்சாவது பாடம் அதுல வரவே வராது. நான் பயாலஜி எடுத்துட்டு வந்தவன், பைத்தான் இன்ஜினியரிங் காலேஜ் வந்துதான் கத்துக்கிட்டேன்.

சர்வர்ரூம்:
மார்க் வராதுப்பா, நேரம் போகுமே. நான் கேட்டது அதைத்தான்.

பழைய மாணவி:
நான் பெயின்டிங் எடுத்தவ. எங்க பள்ளியில பாடம் இருந்துச்சு, டீச்சர் இல்ல. பி.டி. சார் வந்து ஹாஜர் எடுத்துட்டுப் போவார். ரெண்டு வருஷமும் யூடியூப் பாத்துதான் வரைஞ்சேன். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலேர்ந்து வந்தவர் நான் வரைஞ்ச தாள்களோட தொகுப்பை, அதான் போர்ட்ஃபோலியோவை, புரட்டிட்டு, "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"ன்னு கேட்டார். பதில் சொல்ல முடியாம நின்னேன். பாடத்து மேல எனக்குக் கோவமே இல்ல. சார், சேர்க்கறதுக்கு முன்னாடி டீச்சர் இருக்காங்களா, போன வருஷப் பசங்களோட தாள்களைக் காட்டுவாங்களான்னு கேளுங்க.

மடிப்பாக்கம் அப்பா:
இது எனக்குத் தோணவே இல்லம்மா. திங்கக்கிழமை அவளையும் கூட்டிட்டுப் போய்க் கேக்கறேன்.

சர்வர்ரூம்:
டீச்சர் இருந்தாலும் நான் கம்ப்யூட்டர்தான் சொல்லுவேன் சார். ஆனா வீட்ல பேசாம இருக்காதீங்க, இன்னிக்கே பேசிடுங்க.