கர்ப்பிணிக்கு 'லோ கார்ப்': குறையா, மட்டா, அளவா?

பாலக்கோட்டிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கர்ப்ப காலச் சர்க்கரை பற்றிய சின்ன ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 'லோ கார்போஹைட்ரேட் டயட்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 'மாவுச்சத்து குறைந்த உணவு' என்று எழுதி, ஆறு மாதமாக இருக்கும் என் நாத்தனாரிடம் படிக்கக் கொடுத்தேன். "சரி அண்ணி, அப்போ களியை நிறுத்திட்டுச் சோறே சாப்பிடறேன்" என்றாள். நம் பக்கத்தில் மாவு என்றால் ராகி மாவு, சோற்றை யார் மாவு என்பார்கள்? அவள் புரிந்துகொண்டதில் தப்பில்லை, நான் போட்ட சொல்தான் சரியில்லை. நல்ல சொல்லாகச் சொல்லுங்கள்.

தருமபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதலில் பெயரைச் சரிசெய்வோம். கரியும் நீரும் சேர்ந்த பொருள் என்று எண்ணி அயலார் வைத்த பெயர் அது. 'கரிநீரம்' என்றால் இரண்டு வேரும் தெரியும், 'சத்து' என்ற வடசொல்லையும் சுமக்க வேண்டாம். அடுத்து, 'குறைந்த' என்பதை வினைத்தொகையாக்கி 'குறைகரிநீர உணவு' எனலாம், மூன்று காலமும் உள்ளே அடங்கும். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'குறைக்கரிநீரம்' என்று ஒற்றுப் போட்டுவிடாதீர்கள். போட்டால் குறை என்பது பெயராகி, பழுதுள்ள பொருள் என்று ஆகிவிடும்.

பென்னாகரம், செவிலியர்:

ஐயா, கரிநீரம் என்றால் எங்கள் தாய்மார்கள் அடுப்புக்கரி கரைத்த தண்ணீர் என்றுதான் நினைப்பார்கள். அதைவிட எனக்கு 'குறை'தான் உறுத்துகிறது. வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் குறை என்று சொன்னால் குறைமாதம், குறைப்பிரசவம் என்றே காதில் விழும். இன்னொன்று, குறை என்று சொல்லிவிட்டால் எதுவரை என்று அவர்களுக்குத் தெரியாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் 140-ஐத் தொட்டுவிட்டது என்றதுமே பயந்துபோய்ச் சோறு, களி, இட்லி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தலைசுற்றலோடு வந்து உட்காருகிறார்கள். மற்றப் பெரியவர்களுக்கு நாளைக்கு 130 கிராம் கார்போஹைட்ரேட் என்றால் கர்ப்பிணிக்கு 175 என்று அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வகுத்திருக்கிறது. கூடத்தான் வேண்டும்! குழந்தையின் மூளைக்கு அதிலிருந்துதான் குளுக்கோஸ் போக வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனை உண்டாக்கும், அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். நாம் போடும் சொல் பயமுறுத்தக் கூடாது, பட்டினியும் போடக் கூடாது.

ஓசூர், வேதியியல் ஆசிரியர்:

எல்லோரும் மாவையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். மாவுச்சத்து என்பது ஸ்டார்ச் மட்டும். சர்க்கரையும் நாரும்கூடக் கார்போஹைட்ரேட்தான். பழுத்த மாம்பழத்தில் மாவு அனேகமாகச் சர்க்கரையாகியிருக்கும், 'மாவுச்சத்து குறைந்த உணவு' என்று படித்த கிருஷ்ணகிரிப் பெண் மாம்பழக் காலத்தில் என்ன நினைப்பாள்? கூடையோடு உட்காருவாள். ராகி விஷயமும் எல்லோரும் நினைப்பது போல இல்லை. 100 கிராம் ராகி மாவில் 70 கிராம் சுற்றிலும் கார்போஹைட்ரேட் இருக்கிறது, அரிசிக்கு அதிகம் இளைத்ததில்லை. நாரும், 340 மில்லிகிராமைத் தாண்டும் கால்சியமும்தான் அதன் பலம். இலங்கைப் பாடநூலில் காபோவைதரேற்று, நம் பாடநூலில் கார்போஹைட்ரேட். பத்தாவது படித்த பெண்ணுக்குத் தெரிந்த சொல், அப்படியே இருக்கட்டும்.

அரூரிலிருந்து:

'மட்டு' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறதே. "மட்டாச் சாப்பிடு" என்று என் ஆயா சொல்லும். 'மட்டுமாவுணவு' எப்படி?

தருமபுரி, தமிழாசிரியர்:

தம்பி, பழைய இலக்கியத்தில் மட்டு என்றால் கள், தேன்! கர்ப்பிணிக்கு அதையா கொடுப்பது? இந்தப் பேச்சில் ஒன்று நினைவுக்கு வருகிறது. கர்ப்பிணியின் ஆசைக்கு நம்மிடம் 'வயவு' என்று தனிச்சொல்லே இருந்தது. புறநானூறு 20-ஆம் பாட்டில், சேரன் நாட்டு மண்ணை வயவுறு மகளிர் விரும்பி உண்டால் உண்டு, பகைவர் உண்ண முடியாது என்று வருகிறது. மசக்கை என்று மாற்றி அந்தச் சொல்லைத் தொலைத்தோம். கையேட்டில் ஓரிடத்திலாவது வயவு வர வேண்டும்.

பென்னாகரம், செவிலியர்:

ஐயா, மண் தின்னும் ஆசை இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இப்போதும் வருகிறது, அந்தப் பாட்டை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். கையேட்டில் வேண்டாம். 'மட்டு' என்பதும் வேண்டாம், மட்டமான சாப்பாடு என்று எடுத்துக்கொள்வார்கள். 'அளவு' போதும். 'அற்றால் அளவறிந்து உண்க' என்று குறளிலேயே இருக்கிறது.

தருமபுரி, தமிழாசிரியர்:

குறளைக் காட்டினால் நான் என்ன சொல்வது! ஆனாலும் அளவு வேறு, குறைவு வேறு அம்மா. மூலத்தில் 'லோ' என்று இருக்கும்போது அளவு என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பு ஆகாது.

பாலக்கோட்டிலிருந்து:

ஐயா சொன்ன பிறகு கையேட்டை முதலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'லோ' என்று வரும் இடமெல்லாம், டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யாதே என்று எச்சரிக்கும் இடம். சாப்பிடச் சொல்லும் இடத்தில் மூன்று வேளையும் இடையில் சிறு உணவும் எனப் பங்குபோட்டு, ஒவ்வொரு வேளைக்கும் இவ்வளவு என்றுதான் இருக்கிறது. எனக்கு இரண்டு சொல் வேண்டும், நான் ஒன்றை வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்தேன். எச்சரிக்கும் இடத்தில் 'மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை', அங்கே குறை என்பது கொஞ்சம் பயமுறுத்தினாலும் நல்லதே. பரிந்துரைக்கும் இடத்தில் 'அளவு மாவுச்சத்து உணவு'. முதல்முறை வரும்போது சோறு, களி, இட்லி, கிழங்கு, பழம், சர்க்கரை எல்லாம் சேர்த்து என்று ஒரு வரி.

அரூரிலிருந்து:

சரி, என் ஓட்டு இதற்கே.

பென்னாகரம், செவிலியர்:

எனக்கும் சரி. அந்த வரியில் களியும் சோறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

தருமபுரி, தமிழாசிரியர்:

கரிநீரத்தை நான் கைவிடவில்லை. அச்சுக்குப் போகட்டும், அடுத்த பதிப்பில் பேசுவோம். அளவு, மாவு இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள்.

ஓசூர், வேதியியல் ஆசிரியர்:

மாம்பழத்தில் மாவுச்சத்து என்று அச்சாகப் போகிறது. எனக்கு இதில் சம்மதமில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள்.