பயோசேஃப்டி, பயோசெக்யூரிட்டி ரெண்டுக்கும் ஒரே சொல் போதுமா? உயிரிக்காப்பு, உயிரிக்காவல்

எல்லாருக்கும் வணக்கம்.

பயோசேஃப்டி, பயோசெக்யூரிட்டிங்கற ரெண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் தமிழ்ல என்ன வைக்கறதுங்கற இந்த இழையை இன்னைக்குத்தான் முழுசா படிச்சேன். ஐயா போன மடல்ல எழுதியிருந்தது இது:

> ரெண்டுக்கும் உயிரியல் பாதுகாப்புன்னே வெச்சுக்கலாம், இடம் பார்த்து வாசிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க.

புரிஞ்சுக்க மாட்டாங்க ஐயா. நான் பட்டதை சொல்றேன். ஒரு லேப்புக்கு (பேர் வேணாம்) ஊழியர்களுக்கான விதிமுறையை தமிழ்ல எழுதிக் கொடுத்தேன், அதுல "கல்ச்சர் கொட்டிட்டா உடனே உயிரியல் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லவும்"னு எழுதியிருந்தேன் (கல்ச்சர்னா லேப்ல வளர்த்து வெச்ச கிருமி). கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஃபிளாஸ்க் கீழ விழுந்து உடைஞ்சிருக்கு, அட்டெண்டர் அண்ணன் ரெண்டு மாடி இறங்கி ஓடிப்போய் கேட்ல நின்ன செக்யூரிட்டிகிட்ட சொல்லியிருக்காரு. பாதுகாப்பு அலுவலர்னா அவருக்கு அவர்தானே. அந்த மனுஷனும் கையில கிளவுஸ் இல்லாம மாஸ்க் இல்லாம நேரா உள்ள வந்து குனிஞ்சு பார்த்திருக்காரு. ஆபத்தில்லாத கிருமிங்கறதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா தப்பு அந்த அண்ணன்கிட்ட இல்ல, நான் போட்ட சொல்லுலதான் இருந்துச்சு. அன்னையிலிருந்து இந்த ரெண்டு சொல்லும் என்னை விடல.

வித்தியாசம் ரொம்ப எளிசு. கிருமி தெரியாத்தனமா ஆள் மேல படாம, வெளிய கசியாம பார்த்துக்கறது பயோசேஃப்டி. கிருமியை யாரும் திருடாம, தொலைக்காம, கெட்ட எண்ணத்தோட எடுத்துட்டுப் போகாம பார்த்துக்கறது பயோசெக்யூரிட்டி. முதல்ல சொன்னது விபத்தைப் பத்தினது, அடுத்தது ஆளைப் பத்தினது.

பெரியம்மையையே எடுத்துக்கோங்க. 1978ல இங்கிலாந்துல பர்மிங்காம் மருத்துவக் கல்லூரில பெரியம்மை வைரஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மேல் மாடியில ஜேனட் பார்க்கர்னு ஒரு போட்டோகிராபர் வேலை பார்த்தாங்க. அவங்களுக்கு வைரஸோட ஒரு சம்பந்தமும் இல்ல. ஆகஸ்ட்ல காய்ச்சல், செப்டம்பர் 11ல இறந்துட்டாங்க, உலகத்துலயே பெரியம்மைக்கு பலியான கடைசி ஆள்னு பதிவானது அவங்கதான். குழாய்ப் பாதை வழியா காத்துல மேல போயிருக்கும்னு விசாரணைக் குழு நினைச்சுது, ஆனா பல்கலைக்கழகத்து மேல போட்ட வழக்கு நிக்கல. அதுக்கப்புறம் உலகம் முழுக்க இருந்த இருப்பை அழிச்சு அழிச்சு கடைசில அமெரிக்காவுல அட்லாண்டா, ரஷ்யாவுல கோல்ட்சோவோ, இந்த ரெண்டு இடத்துல மட்டும்தான் இருக்குன்னு ஆச்சு. அப்படித்தான் எல்லாரும் நம்பிட்டிருந்தோம், 2014 ஜூலைல அமெரிக்காவோட பெதஸ்டாவுல ஒரு பழைய குளிர் அறைல அட்டைப்பெட்டிக்குள்ள 1950கள்ல அடைச்சு வெச்ச 6 பெரியம்மை குப்பி கிடைக்கிற வரைக்கும்! அதுல 2 குப்பில வைரஸ் உயிரோட இருந்துச்சு. யாருக்கும் தொற்றல, ஒரு சொட்டு கசியல, ஆனா பல வருஷமா அது அங்க இருக்கறதே யாருக்கும் தெரியாது, எவனாவது எடுத்துட்டுப் போயிருந்தாலும் தெரிஞ்சிருக்காது.

வைரஸ் ஒண்ணுதான். பர்மிங்காம்ல தவறினது காப்பு, பெதஸ்டாவுல தவறினது காவல். நான் சொல்ல வர்ற ரெண்டு சொல்லும் இதுதான்: பயோசேஃப்டிக்கு உயிரிக்காப்பு, பயோசெக்யூரிட்டிக்கு உயிரிக்காவல்.

ரெண்டும் "கா"ங்கற ஒரே வேர்ல வந்தது, ஆனா நம்ம பேச்சுல வேற வேற வேலை பார்க்குது. மாரியம்மன் கோயில்ல காப்பு கட்டறோம்ல, மஞ்சள் கிழங்கு வெச்ச கயிறு, கட்டிட்டா திருவிழா முடியிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டிப் போய் ராத்தங்கக் கூடாதுன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. அம்மைக்குன்னே இருக்கற தெய்வத்தோட திருவிழால உடம்புக்கு ஒரு கட்டு, ஊருக்கு ஒரு கட்டு. கிளவுஸ், கேபினட் (கிருமியை உள்ள வெச்சு வேலை பார்க்கற பெட்டி), கதவு, ஃபில்டர்னு ஒண்ணுக்கு மேல ஒண்ணா கட்டுறதுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோணல. காவல்னா சொல்லவே வேணாம், வயக்காட்டுக் காவல், ராக்காவல், எல்லாமே மனுஷன் மேல ஒரு கண்ணு. யார் உள்ள வந்தா, ஃப்ரீசர் சாவி யார்கிட்ட, எத்தனை குப்பி இருந்துச்சு இப்ப எத்தனை இருக்கு.

டாக்டரம்மா "உயிர்க்காப்பு"ன்னு சொல்லியிருந்தீங்க. அது லைஃப் ஜாக்கெட் மாதிரி உயிர் காக்கற விஷயமா கேக்குது. உயிரித் தொழில்நுட்பம்னு ஏற்கனவே பழகிட்டதால "உயிரி"தான் சரின்னு படுது.

வரலாறு பார்த்தாலும் ரெண்டும் ஒரே நேரத்துல பொறந்தது இல்ல. காப்புதான் மூத்தது. போர்க்காலத்துல உயிரியல் ஆயுதம் செய்யறதுக்குன்னு தொடங்கின அமெரிக்காவோட டெட்ரிக் முகாம்லதான் ஆர்னால்ட் வெடம் மாதிரி ஆளுங்க கேபினட், காத்தழுத்தம்னு இதை ஒரு துறையாவே வளர்த்தாங்க. சல்கின், பைக்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஆய்வகத் தொற்றுகளைக் கணக்கெடுத்தாங்க, 1979ல பைக் தொகுத்ததுல 4,079 பேர். அதுல பெரும்பாலானவங்களுக்கு இன்ன விபத்துலதான் தொத்துச்சுன்னு காட்டவே முடியல. வாயால பிப்பெட் (திரவம் அளக்கற குழாய்) உறிஞ்சற பழக்கம் ஒரு பக்கம், கண்ணுக்குத் தெரியாம காத்துல மிதக்கற திவலை இன்னொரு பக்கம். உலக சுகாதார நிறுவனம் 1983லயே உயிரிக்காப்புக் கையேடு போட்டுடுச்சு, உயிரிக்காவலுக்குன்னு தனி வழிகாட்டி வந்தது 2006லதான். நடுவுல 1995ல அமெரிக்காவுல ஒருத்தர் பிளேக் கிருமியை தபால்லயே வரவழைச்சாரு, 2001ல ஆந்த்ராக்ஸ் கடிதத்துல 5 பேர் செத்தாங்க. அப்புறம்தான் காவல் இல்லாம காப்பு மட்டும் போதாதுன்னு எல்லாருக்கும் உறைச்சுது.

தமிழுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்ல இது. ஜெர்மன்ல ரெண்டுக்கும் ஒரே சொல்தான், சீனத்துலயும் அப்படித்தான், பிரெஞ்சுக்காரங்க ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. நாமளும் இப்பவே பிரிச்சுடணும், பாடப்புத்தகத்துல ஏறிட்டா மாத்தறது கஷ்டம்.

ஒருத்தர் கேட்டிருந்தாரு, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்துல எழுதிட்டா என்னன்னு. பயோஹசார்ட் குறியை, அதாவது கிருமி ஆபத்துன்னு எச்சரிக்கிற குறியை, 1966ல டவ் கெமிக்கல் கம்பெனில சார்லஸ் பால்ட்வின் உருவாக்கினப்போ, ஏற்கனவே எந்த அர்த்தமும் இல்லாத, ஆனா மறக்க முடியாத வடிவமாத்தான் தேடினாங்க, அர்த்தத்தை அப்புறம் சொல்லிக் கொடுத்துக்கலாம்னு. குறிக்கு அது சரி. கையில சிந்தினதோட நிக்கற ஆளுக்கு சொல்லே அர்த்தத்தைச் சொல்லணும். உயிரிக்காப்பு அலுவலர்னு எழுதியிருந்தா அந்த அண்ணன் கேட்டுக்கு ஓடியிருக்க மாட்டாரு.

கோழிப்பண்ணைல பயோசெக்யூரிட்டின்னா வேற பொருள்னு ஒரு மறுப்பு வரலாம். அங்க காலை மருந்துத் தண்ணில முக்கிட்டு உள்ள போறது, வண்டிக்கு மருந்தடிக்கிறது, நோய் உள்ள நுழையாம வாசல்ல நிக்கறது. அதுக்கும் உயிரிக்காவல் பொருந்துதுன்னு நினைக்கிறேன், பண்ணை வெச்சிருக்கறவங்க சொல்லுங்க.

எனக்கு இன்னும் பிடிபடாதது கன்டெயின்மென்ட், அதாவது கிருமியை வெளிய விடாம உள்ளேயே நிறுத்தி வைக்கறது. "அடைகாப்பு"ன்னு எழுதிப் பார்த்தேன், கோழி முட்டை மேல உக்காந்த மாதிரி இருக்கு, இன்குபேட்டரோட குழம்பிடும். "அடக்கம்" போட்டா நல்லடக்கம் ஞாபகம் வருது. "அடைப்பு"ன்னா குழாய் அடைப்பு. இப்போதைக்கு "உள்ளடைப்பு"ன்னு வெச்சிருக்கேன், மனசு ஒப்பல. யாருக்காவது நல்லதா தோணினா இதே இழைல எழுதுங்க, நான் எழுதின அந்த லேப் விதிமுறையோட அடுத்த பதிப்பை அது கிடைச்ச பிறகு அச்சுக்குக் கொடுக்கலாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன்.